கண்ணீரில் சர்க்கரையை அளக்க முடியுமா?

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழா அறிவியல் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'கண்ணீர்' என்னும் சொல்லைத் தலைப்பிலே கண்டவுடன், நம் மக்கள் பட்ட துயரங்களைப் பற்றி நான் பேசப்போகிறேன் என்று சிலர் எண்ணியிருக்கலாம். அதைப் பேசுவதற்கு என்னினும் தகுதியுடையோர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். நான் பேச வந்தது கண்ணீரின் வேதியியல். கண்ணிலிருந்து வடியும் ஒரு துளி நீரைக் கொண்டு, உடலில் ஓடும் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? இதுவே கேள்வி. சிறு கேள்விதான். ஆனால் இதற்கு விடை காண உலகின் பெரும் செல்வம் படைத்த நிறுவனங்களுள் ஒன்று முயன்று, பின்வாங்கியது. அந்த வரலாற்றைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கண்ணீர் உப்புக் கரிக்கும் என்பது யாவரும் நாவினால் அறிந்த உண்மை. அதில் உப்பு மட்டுமன்றிப் புரதங்கள், யூரியா, வைட்டமின் 'சி', மிகச் சிறு அளவில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை ஆகியனவும் உண்டு. பெனிசிலினைக் கண்டறிந்து புகழ்பெற்ற அலெக்சாண்டர் பிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1922இல், நுண்ணுயிர்களைக் கரைத்தழிக்கும் லைசோசைம் என்ற நொதியைப் பற்றி எழுதினார். அது கண்ணீரில் நிறைந்திருப்பதைக் கண்ட அவர், ஆய்வுக்கு வேண்டிய கண்ணீரை எப்படித் திரட்டினார் தெரியுமா? எலுமிச்சையின் உதவியால்தான்! தம் கண்ணிலும், ஆய்வுக்கூடத்தாரின் கண்களிலும் எரிச்சலூட்டிக் கண்ணீரை வரவழைத்தார். இச்செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எரிச்சலூட்டி வரவழைத்த கண்ணீரும், இயல்பாகக் கண்ணை நனைத்துக்கொண்டிருக்கும் கண்ணீரும் ஒன்றல்ல. பிளெமிங்கின் ஆய்வுக்கு அவ்வேறுபாடு தடையாகவில்லை. நம் கேள்விக்கோ அதுவே பெருந்தடை.

சர்க்கரையை ஏன் அளக்க வேண்டும் என்று இங்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வரங்கில் அமர்ந்திருக்கும் பெரியோர் பலருக்கு அது சொந்த அனுபவம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்ற பேராய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர். வயது வந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல். இது செல்வர்களின் நோய் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. கூலி வேலை செய்வோரின் குடிசையிலும் இன்று அது நுழைந்துவிட்டது. நோய் இருப்பதை அறியாமலேயே கால் புண்ணோடும், மங்கிய பார்வையோடும் காலந்தள்ளுவோர் நம்மிடையே உண்டு.

இனிச் சர்க்கரையை அளந்த வரலாற்றைப் பார்ப்போம். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதை நம் நாட்டுப் பண்டை மருத்துவர்கள் கண்டிருந்தனர். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர், நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிப்பதை 1674இல் எழுதி வைத்தார். நாவால் சுவைத்தே அறிந்தார் என்பதை நீங்கள் ஊகிக்கலாம். அந்த இனிப்பு உண்மையில் சர்க்கரையே என்று 1776இல் மெய்ப்பித்தவர் மாத்யூ டாப்சன். அவர் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சிய வெண்ணிறக் கட்டியைக் காட்டினார். இரத்தத்தின் தெளிநீரும் இனிப்பதைக் குறிப்பிட்டார். சர்க்கரை சிறுநீரகத்தில் உண்டாவதன்று, இரத்தத்திலிருந்து அங்கு வருவது என்ற எண்ணத்திற்கு அதுவே வித்து.

பின்னர் வந்தது பெனடிக்ட் கரைசல். ஐம்பது அறுபது வயதைத் தாண்டியோர் இதைக் கண்டிருப்பர். கண்ணாடிக் குழாயில் நீல நிறக் கரைசலை 5 மில்லி லிட்டர் ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் சிறிது, மஞ்சளானால் மேலும் சிறிது, செங்கல் நிறமானால் மிகுதி. ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. ஆயினும் இச்சோதனையில் ஒரு பெருங்குறை இருந்தது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லி கிராமுக்கு மேல் சர்க்கரை ஏறினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். உணவுக்கு முன் 126 மில்லி கிராமை எட்டினாலே நீரிழிவு என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அப்படியானால் 126க்கும் 180க்கும் இடைப்பட்டவரின் சிறுநீர் என்ன சொல்லும்? 'ஒன்றுமில்லை' என்று சொல்லும். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் வரும் நிலையிலும் அது 'ஒன்றுமில்லை' என்றே சொல்லும். வலியில்லாத சோதனை பல்லாண்டுகள் எத்தனையோ பேரைத் தவறான நிம்மதியில் வைத்திருந்தது.

எனவே இரத்தத்தையே சோதிக்க வேண்டியதாயிற்று. 1962இல் அமெரிக்காவில் லேலண்டு கிளார்க் என்பவர், லயன்ஸ் என்பவரோடு சேர்ந்து, ஓர் அரிய வழியைக் காட்டினார். பூஞ்சையிலிருந்து கிடைக்கும் 'குளுக்கோஸ் ஆக்சிடேஸ்' என்னும் நொதி, பல பொருள்கள் கலந்த நீரிலும் குளுக்கோஸைத் தேடிப் பிடித்து ஆக்சிஜனோடு சேர்த்துவிடும். எந்த அளவுக்கு ஆக்சிஜன் செலவாகிறதோ, அந்த அளவுக்குக் குளுக்கோஸ் இருந்ததென்று பொருள். அதை மின்முனையால் அளந்துவிடலாம். இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் சர்க்கரைக் கருவியின் பட்டையில் நடப்பது பெரும்பாலும் இதன் வழிவந்த வேதிவினையே. இரத்தச் சர்க்கரையைப் படிக்கும் முதல் சிறு கருவி 1970ஐ ஒட்டி வந்தபோது, அது ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளதாக மருத்துவரின் மேசைமீது இருந்தது. பின்னர் அது சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் விரலில் குத்தும் ஊசி மட்டும் மறையவில்லை.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு ஒரு நாளில் நான்கு முறையேனும் விரலில் குத்த வேண்டியிருக்கிறது. அதைச் செய்யும் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். கதிர் அறுத்தும், செங்கல் சுமந்தும், தோல் பதனிட்டும் காய்த்துப்போன விரல்களில் இரத்தத் துளி எளிதில் வருவதில்லை. இருமுறை மும்முறை குத்த வேண்டியதாகிறது. பட்டை ஒவ்வொன்றும் ஒரு முறைக்கே பயன்படும். நாட்கூலி பெறுபவர் ஒருவர் மாதம் முழுதும் அதை வாங்குவதென்றால், அரிசிக்கு வைத்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும். ஆதலின் பலர் கருவியை வாங்கிய முதல் மாதத்தோடு சோதனையையே விட்டுவிடுகின்றனர். குத்தாமல், வலிக்காமல், நாள்தோறும் செலவில்லாமல் அளக்க ஒரு வழி பிறந்தால், அது முதலில் பயன்பட வேண்டியது இத்தகையோருக்கே. கண்ணீர் ஆய்வை நான் வெறும் விந்தைச் செய்தியாக எடுத்துக்கொள்ளாததன் காரணம் இதுதான்.

கண்ணீரில் சர்க்கரை உண்டு என்பது புதுச் செய்தி அன்று. நீரிழிவாளரின் கண்ணீர்ச் சர்க்கரையைப் பற்றி 1958இலேயே பிரிட்டனின் கண் மருத்துவ இதழில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. கண்ணீரைக் கொண்டு மிகைச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கலாமா என்று 1968இல் அமெரிக்க இதழொன்று ஆராய்ந்தது. நீரிழிவாளரின் கண்ணீரில் பொதுவாகச் சர்க்கரை கூடுதல் என்பதும் தெரிந்தது. அப்படியிருந்தும் இத்தனை ஆண்டுகளில் அது ஏன் மருந்துக் கடைக்கு வரவில்லை?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளி மாணவரும் போடக்கூடிய கணக்குத்தான். ஒரு கண்ணில் ஒரு நேரத்தில் இருக்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோ லிட்டர். ஒரு மில்லி லிட்டரை ஆயிரம் பங்காக்கி அதில் ஏழு பங்கை எடுத்தாற்போல. கண்ணீரில் சர்க்கரையின் செறிவு, இரத்தத்தில் இருப்பதைப்போல் முப்பதில் ஒரு பங்கு என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இதைவிடக் குறைவாகவே பிற்கால ஆய்வுகள் சில காட்டியுள்ளன. இருப்பினும் கணக்கு எளிதாக இருக்கட்டும். இரத்தத்தில் 90 என்றால் கண்ணீரில் 3. அதாவது 100 மில்லி லிட்டருக்கு 3 மில்லி கிராம். அப்படியானால் கண்ணில் உள்ள 7 மைக்ரோ லிட்டர் முழுவதிலும் இருக்கும் சர்க்கரை, ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் ஐந்தாகப் பகுத்தால் வரும் ஒரு கூறு. கடையில் வாங்கும் சீனியின் ஒரே ஒரு துகளில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. இதைத்தான் கருவி அளக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய அளவையும் இன்றைய கருவிகள் அளந்துவிடும். உண்மையான இடர்ப்பாடு அங்கில்லை. இரத்தத்தில் 90 என்பது நலம். 60 என்பது ஆபத்து. கண்ணீரில் அவ்வேறுபாடு மூன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகச் சுருங்கிவிடுகிறது. கண்ணீரில் வேறு ஏதேனும் காரணத்தால் ஒரே ஒரு மில்லி கிராம் கூடிவிட்டால் போதும். 60இல் தள்ளாடும் நோயாளியைப் பார்த்து, 'உமக்கு 90, நலமாக இருக்கிறீர்' என்று கருவி சொல்லிவிடும்.

அந்த வேறு காரணம் எது? கண்ணைத் தொடுவதே காரணம்! கண்ணீரைச் சேகரிக்க இரண்டு வழிகள் வழக்கில் இருந்தன. ஒன்று, கீழிமைக்குள் ஒரு சிறு வடிதாள் பட்டையைச் செருகி நனையவிடுவது. கண் வறட்சியைச் சோதிக்க ஷிர்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1903இல் கூறிய முறை அது. இன்றும் கண் மருத்துவமனைகளில் உண்டு. மற்றொன்று, மெல்லிய கண்ணாடி நுண்குழாயைக் கண்ணோரத்து நீரில் வைத்து உறிஞ்ச விடுவது. எந்த வழியில் சேகரித்தோம் என்பதைப் பொறுத்துச் சர்க்கரையின் அளவே மாறுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் 1977இல் எடுத்துக்காட்டினர். தாளால் எடுத்த கண்ணீரில் மிகுதி. குழாயால் எடுத்ததில் குறைவு. தாள் கண்ணின் மென்படலத்தில் உராய்கிறது. உராய்ந்த இடத்தில் திசுவிலும் நுண்ணிய இரத்தக் குழாய்களிலும் உள்ள நீர் கசிந்து கண்ணீரோடு கலக்கிறது. அந்நீரில் சர்க்கரை மிகுதி. உராய்வு முதலியவற்றால் கண்ணீர்ச் சர்க்கரை ஏறுவதை 1982இல் அமெரிக்க ஆய்வாளர்களும் உறுதிப்படுத்தினர்.

அழுகையின் செயலோ இதற்கு எதிர். புகையாலோ வெங்காயத்தாலோ துயரத்தாலோ கண்ணீர் பெருகும்போது, சுரப்பியிலிருந்து புதுநீர் பாய்ந்து, இருந்த சர்க்கரையை நீர்த்துப்போகச் செய்துவிடுகிறது. ஆக, உராய்ந்தால் கூடும், அழுதால் குறையும். இரத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லாதபோதே கண்ணீரின் எண் இங்ஙனம் ஏறி இறங்குகிறது. நிலத்தை அளக்கப் போன சங்கிலி, இழுக்கும் கைக்கேற்ப நீண்டும் சுருங்கியும் போனால் அந்த அளவையை யார் ஒப்புக்கொள்வார்கள்?

போதாக்குறைக்கு, கண்ணீரில் உள்ள வைட்டமின் 'சி' போன்ற பொருள்களும் மின்முனையில் வினைபுரிந்து, தாமும் சர்க்கரைபோல் நடிக்க வல்லவை. கண்ணீருக்கும் இரத்தத்துக்கும் உள்ள விகிதம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. இரத்தத்தில் நேர்ந்த மாற்றம் எத்தனை நிமிடம் கழித்துக் கண்ணீரில் தெரியும் என்பதிலும் ஆய்வுகளிடையே ஒற்றுமை இல்லை.

இந்நிலையில்தான் 2014ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கூகுள் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கண்ணில் பொருத்தும் காண்டாக்ட் லென்ஸின் இரண்டு மெல்லிய படலங்களுக்கு நடுவே, மிக நுண்ணிய மின்சில்லையும் சர்க்கரை உணர்கருவியையும் பதித்திருப்பதாக அது கூறியது. தலைமுடியினும் மெல்லிய வானலை வாங்கியும் அதில் உண்டு. ஒவ்வொரு வினாடியும் கண்ணீர்ச் சர்க்கரையை அளக்க முடியும் என்றார்கள். உலகெங்கும் செய்தித்தாள்கள் அதைப் படத்தோடு வெளியிட்டன. அதே ஆண்டு ஜூலையில் நோவார்ட்டிஸ் என்னும் மருந்து நிறுவனம் கைகோத்தது. ஊசிக்கு விடை கொடுக்கும் நாள் வந்துவிட்டதென்றே பலரும் நம்பினர்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2018 நவம்பரில், அத்திட்டத்தை ஏற்று நடத்திய வெரிலி என்ற கூகுளின் சகோதர நிறுவனம், லென்ஸ் ஆய்வை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. கண்ணீர்ச் சர்க்கரைக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் இடையே, ஒரு மருத்துவக் கருவிக்கு வேண்டிய அளவு சீரான தொடர்பு தங்கள் சோதனைகளில் கிட்டவில்லை என்று அதுவே ஒப்புக்கொண்டது. மின்சில்லு தோற்கவில்லை. வானலை வாங்கி தோற்கவில்லை. கண்தான் ஒத்துழைக்கவில்லை! 1977இலும் 1982இலும் சிறு ஆய்வுக்கூடங்களில் தாளையும் குழாயையும் வைத்துக்கொண்டு உழைத்தவர்கள் எழுதியதை, பெருஞ்செல்வமும் பேரறிவும் கொண்டோர் மீண்டும் ஒருமுறை கண்ணுக்குள் கண்டனர். ஆனால் ஒன்றைப் பாராட்டியே ஆகவேண்டும். முடியவில்லை என்பதை வெளிப்படையாகச் சொன்னார்கள். 2014இன் அறிவிப்பைப் பெரிய எழுத்தில் போட்ட ஏடுகளில் எத்தனை 2018இன் அறிவிப்பை அதே எழுத்தில் போட்டன என்று நூலகத்தில் தேடிப் பாருங்கள். நல்ல பயிற்சியாக இருக்கும்.

'தொடர்பு இருக்கிறது' என்பதற்கும் 'மருத்துவத்துக்குப் போதும்' என்பதற்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்கள் கேட்கலாம். நூறு பேரின் கண்ணீரை எடுத்துச் சராசரி பார்த்தால், நீரிழிவாளரின் சராசரி மற்றவர்களின் சராசரியினும் கூடுதலாக இருக்கும். ஆய்வுக் கட்டுரை எழுத அது போதும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டி எழுந்து உட்காரும் ஒரு தனி மனிதருக்குச் சராசரியால் என்ன பயன்? இந்த நொடியில் தமக்கு எவ்வளவு என்பதே அவருக்கு வேண்டும். விரல் இரத்தக் கருவிகளுக்கு 2013இல் வகுத்த உலகத் தரம் இதை நன்கு காட்டும். 100 மில்லி கிராமுக்குக் கீழே இருக்கும்போது, நூற்றுக்கு 95 அளவீடுகளேனும் உண்மை அளவிலிருந்து 15 மில்லி கிராமுக்கு மேல் பிசகலாகாது. அதற்கு மேலே நூற்றுக்கு 15 விழுக்காடு. நம் கணக்கின்படி, இரத்தத்தின் 15 என்பது கண்ணீரில் வெறும் அரை மில்லி கிராம். இமையைத் தேய்த்தாலே அது புரண்டுவிடும்.

பிசகினால் என்ன ஆகும்? பொய்யாகக் கூடுதல் எண்ணைக் காட்டினால், நோயாளி கூடுதல் இன்சுலின் போட்டுக்கொள்வார். சர்க்கரை மேலும் தாழும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம், வலிப்பு, நினைவிழப்பு எனச் சென்று உயிருக்கே கேடாகலாம். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறார் என்று எண்ணித் தெருவில் விட்டுச் செல்லப்படுவோரும் உண்டு. பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டினாலோ, நோயாளி மருந்தைக் குறைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கண்ணையும் சிறுநீரகத்தையும் இழந்துகொண்டிருப்பார், வலி தெரியாது.

இன்னொன்றையும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கருவியைச் சோதித்தது எங்கே, யாரிடம்? குளிரூட்டிய அறையில், அசையாமல் அமர்ந்திருக்கும் ஒருவரின் கண்ணீர் ஒரு வகை. விறகடுப்பின் முன் குந்தியிருக்கும் தாயின் கண்ணீர் வேறு வகை. செங்கற் சூளையில், நெல் தூற்றும் களத்தில், குப்பை அள்ளும் வண்டியில் நாளெல்லாம் தூசி விழுந்து சிவந்திருக்கும் கண்ணின் நிலை மேலும் வேறு. முன்னரே பார்த்தோம்: எரிச்சலும் உராய்வும் கண்ணீரின் எண்ணை மாற்றுபவை. அப்படியாயின், ஆய்வுக்கூடத்தில் தேறிய கருவி சூளையிலும் தேறுமென்று எதை வைத்து நம்புவது? அங்கேயும் சோதித்துக் காட்டினாலன்றி நம்ப இயலாது.

இது வெறும் ஐயமன்று. விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டும் சிறு கருவியைக் கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு கண்டோம். தோலின் ஊடே ஒளியைச் செலுத்தி அளக்கும் கருவி அது. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் இரத்தத்தை நேரே எடுத்துச் சோதித்தது. வெள்ளையரில் நூற்றுக்கு 3.6 அளவீடுகளிலும், கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 11.7 அளவீடுகளிலும், உண்மையில் ஆக்சிஜன் 88க்கும் கீழே இருந்தது. மூன்று மடங்கு! பல்லாண்டுகளாக மருத்துவமனைகளில் நம்பப்பட்ட கருவி, கருந்தோலினரின் மூச்சுத் திணறலைப் போதிய அளவு காணவில்லை. கருவிக்குச் சாதியும் இல்லை, நிறவெறியும் இல்லை. ஆனால் யாருடைய உடலை அளவாக வைத்து அது சரிபார்க்கப்பட்டதோ, அவர்களுக்கே அது மிகுதியும் உண்மை பேசுகிறது.

கண்ணீரை விட்டால் வேறு வழி இல்லையா? 2001இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற ஒரு கைக்கடிகாரக் கருவி, மெல்லிய மின்னோட்டத்தால் தோலின் வழியே திசுநீரை இழுத்து அளந்தது. தோல் எரிச்சல் முதலிய குறைகளால் சில ஆண்டுகளில் விற்பனையிலிருந்து மறைந்தது. வென்றது, தோலுக்கடியில் மெல்லிய இழையைச் செருகித் திசுநீரைத் தொடர்ந்து அளக்கும் முறை. அதன் முதற்கருவிக்கு 1999இல் அமெரிக்காவில் இசைவு கிடைத்தது. 2014இல் ஐரோப்பாவில் வந்த ஒரு வகையில், கருவியைச் சரிபார்க்கவென்று நாள்தோறும் விரலில் குத்தவும் தேவையில்லாமற் போயிற்று. இரு வாரங்களுக்கு ஒருமுறை புது உணர்கருவியைக் கையில் ஒட்டினால் போதும். இரத்தத்திற்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே அது காட்டும். எனினும் திசுநீரின் சர்க்கரைச் செறிவு இரத்தத்தினதை ஒட்டியது. கண்ணீரைப்போல் முப்பதில் ஒரு பங்கன்று. ஆகவேதான் அது வென்றது. அதன் விலைதான் இன்னும் ஏழைக்கு எட்டவில்லை.

தோலைத் துளைக்காமலே இரத்தச் சர்க்கரையைக் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் இருக்கின்றன அல்லவா? அத்தகைய எதற்கும் தாம் இசைவு தரவில்லை, அவற்றை நம்ப வேண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வெளிநாட்டிலிருக்கும் மகன் அன்போடு வாங்கியனுப்பிய கடிகாரமாயினும், அதன் எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது. உங்கள் வீட்டில் யாரேனும் அப்படிச் செய்துகொண்டிருந்தால் இன்று மாலையே தடுத்துவிடுங்கள்.

கண்ணீர் ஆய்வு முடிந்துபோய்விடவில்லை. 2018இலும் 2020இலும் தென்கொரிய ஆய்வாளர்கள் மென்மையான லென்ஸ்களை உருவாக்கி, முயல்களின் கண்ணில் சோதித்து எழுதியுள்ளனர். நெதர்லாந்தில், லென்ஸுக்குப் பதிலாகக் கீழிமையின் உட்புறத்தில் தங்கும் ஒரு சிறு சுருள்வில்லைக் கொண்டு, நீரிழிவாளர்களிடமே அளந்த முடிவுகள் 2018இல் வெளிவந்தன. கண்ணைத் தொடும்போதே கண்ணீர் மாறுகிறதென்றால், தொட்டுத் தொட்டு எடுக்காமல் ஒரே இடத்தில் அசையாமல் தங்கிவிட்டால் கண் அதற்குப் பழகிவிடுமா என்பது இவ்வழியின் அடிப்படைக் கேள்வி. நல்ல கேள்வி. முயலின் கண்ணில் கிடைத்த விடை மனிதக் கண்ணுக்கு அப்படியே பொருந்திவிடாது. சிலரிடம் கிடைத்த விடை பலரிடம், பல வேலைகளில், பல மாதங்கள் சோதிக்கப்பட வேண்டும்.

நம் கழகத்தின் உதவியோடு வேதியியலும், நுண்ணுயிரியலும், மின்னணுவியலும் பயிலும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிய எண்ணிலிருந்து உண்மையைப் பிரித்தெடுப்பது எப்படி, வைட்டமின் 'சி'யின் நடிப்பை அடையாளங்காணுவது எப்படி, தூசியால் வந்த கண்ணீரைக் கருவியே உணர்ந்து 'இப்போது அளக்க இயலாது' என்று சொல்லச் செய்வது எப்படி? இக்கேள்விகளுக்கு முடிவான விடையை இதுவரை யாரும் காணவில்லை. சூளைப் புகையையும் களத்துத் தூசியையும் வீட்டிலேயே அறிந்த ஒருவர் அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தால், மற்றவர்க்குத் தோன்றாத சோதனை அவருக்குத் தோன்றும்.

பெரியோர்களுக்கு ஒரு சொல். அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் சர்க்கரைச் சோதனைக்குப் பணம் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. முப்பது வயதைக் கடந்தவர்கள் சென்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் விரலில் குத்தும்போது கையைச் சோப்பிட்டுக் கழுவி, நன்கு துடைத்துவிட்டுக் குத்துங்கள்; பழமோ வெல்லமோ தொட்ட விரலில் எடுத்த துளி, இல்லாத சர்க்கரையைக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. காய்த்த கையாயினும் அவ்விடத்தில் தோல் சற்று மெல்லியதாக இருக்கும்.

என் உரை நீண்டுவிட்டது. கேள்விகள் இருப்பின் உணவு இடைவேளையில் விடை கூறக் காத்திருக்கிறேன்.